சமூகப்பணிக்கு ஒரு தேர்வு: கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் யோசனை

"எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன்" என்று எங்கள் நார்த்தாமலையில் யாரிடமாவது சொன்னால் மூன்று விதமான பதில்தான் வரும்.

ஒன்று: "அப்படின்னா?"

இரண்டு: "கவர்மென்ட்டு வேலை கிடைக்குமா?"

மூன்று: "சமூக சேவையா? நல்ல விஷயந்தான். ஆனா சேவை செய்ய எதுக்குத் தம்பி படிப்பு? மனசு இருந்தாப் போதாதா?"

முதல் இரண்டுக்கும் எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்றாவது கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஏனென்றால் அது நியாயமான கேள்வி. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. சட்டம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு வேறு. டாக்டருக்கு மருத்துவ கவுன்சில், நர்சுக்கு நர்சிங் கவுன்சில். சமூகப்பணியாளருக்கு? நம் நாட்டில் பொதுவான பதிவும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. நாளைக்கே எங்கள் ஊர் டீக்கடை அண்ணன் ஒரு விசிட்டிங் கார்டு அடித்து அதில் "சமூகப்பணியாளர்" என்று போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. (அண்ணன் என்னைவிட நன்றாகவே வேலை பார்ப்பார் என்பது வேறு விஷயம்!)

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ். இளநிலை படித்தவர்களுக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று, மனநல சிகிச்சைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று என்று ஏ.எஸ்.டபிள்யூ.பி. என்ற அமைப்பு தேர்வு வைக்கிறது. பெரும்பாலும் பாஸ் பண்ணினால்தான் அந்தந்த லைசென்ஸ். இங்கிலாந்தில் அப்படி ஒரு தேர்வு இல்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்துப் பதிவு செய்துகொள்ளாமல் "சோஷியல் வொர்க்கர்" என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி தப்பு.

நமக்கு அதற்கு மிக அருகில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். யு.ஜி.சி. நெட். அதுவும் உண்மையில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்குமான தகுதித் தேர்வு. ஆனால் "நான் சமூகப்பணியில் தேறியவன்" என்று நாடு முழுக்கச் செல்லுபடியாகிற ஒரு காகிதம் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. அதனால்தான் என் செட்டில் பாதிப் பேர் அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். நானும்.

தேர்வு எப்படி இருக்கும்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இரண்டு தாள். முதல் தாள் எல்லாப் பாடத்துக்காரர்களுக்கும் பொது: 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் அவரவர் பாடம்: 100 கேள்வி, 200 மதிப்பெண். சமூகப்பணிக்குப் பாட எண் 10. இரண்டும் ஒரே மூச்சில், மூன்று மணி நேரம். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையாது என்பது ஒரே ஆறுதல். முதுநிலையில் கடைசி வருடம் படிக்கிறவர்களும் எழுதலாம். எழுதுகிறவர்களில் சுமார் 6 சதவீதம் பேர்தான் ஆசிரியர் தகுதி பெறுவார்கள்.

2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தேர்வை எழுதினார்கள். மறுநாளே ரத்து என்று மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை கணினியில் மறுதேர்வு. எனக்கு முந்தைய செட் அக்கா ஒருவர் அந்த ஜூன் தேர்வை எழுதி முடித்துவிட்டு வந்து, அன்று ராத்திரி ஆறு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாராம். அடுத்த நாள் ராத்திரி செய்தியில் ரத்து! "நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போடாம இருந்தனே, அதுவே புண்ணியம்" என்றார். அந்த நோட்டுகள்தான் இப்போது என்னிடம் இருக்கின்றன.

நோட்டில் என்ன இருக்கிறது?

வருடங்கள். வருடங்கள். மேலும் வருடங்கள்.

1601 இங்கிலாந்தில் எலிசபெத் ராணி காலத்து ஏழைகள் சட்டம். 1869 லண்டனில் தர்ம ஸ்தாபனங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம். 1884 டாயின்பி ஹால். 1889 சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ். 1915இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் ஒரு மாநாட்டில் எழுந்து "சமூகப்பணி ஒரு தொழிலா?" என்று கேட்டு, "இன்னும் இல்லை" என்று அவரே பதிலும் சொன்னார். (பாருங்க, எங்கள் ஊர் மூன்றாவது கேள்வி சிகாகோவிலேயே இல்லையென்றாலும் பால்டிமோரில் 1915லேயே கேட்கப்பட்டுவிட்டது!) 1917இல் மேரி ரிச்மண்ட் ஒருவரின் பிரச்சனையை எப்படி முறையாக விசாரித்து அறிவது என்று ஒரு தடித்த புத்தகமே எழுதினார். 1936இல் பம்பாயில் டாட்டா பள்ளி, இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்.

சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் விஜயாலய சோழீச்சரம் பக்கம் ஏறிப் போய்ப் பாறையில் உட்கார்ந்து இதையெல்லாம் மனப்பாடம் பண்ணுவேன். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது. எனக்கோ 1884 முன்னால் வருமா 1889 முன்னால் வருமா என்று அஞ்சு நிமிஷத்தில் மறந்து போகும்.

மனப்பாடம் மட்டும் என்றால் புலம்ப ஒன்றும் இல்லை. ஆனால் சில பக்கங்களைப் படிக்கும்போது "அட, இது நம்ம ஊர்ல நடந்ததாச்சே" என்று தோன்றும். அந்த இடங்களில்தான் படிப்பு சுவையாகிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ராத்மனும் எங்க அத்தையும்

சமுதாய அமைப்பாக்கம் என்ற பகுதியில் ஜாக் ராத்மன் 1968இல் சொன்ன மூன்று மாதிரிகள் கட்டாயம் வரும். முதலாவது, ஊர்க்காரர்களே கூடிப் பேசித் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்வது. இரண்டாவது, நிபுணர்களும் அரசும் திட்டம் போட்டு, இலக்கு வைத்துச் செய்வது. மூன்றாவது, அதிகாரம் இல்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து இருக்கும் ஏற்பாட்டையே மாற்றக் கேட்பது. வகுப்பில் இதை மூன்று கட்டம் போட்டு எழுதிப் போட்டார்கள். மண்டையில் ஏறவே இல்லை.

பிறகு எங்க அத்தை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை நினைத்துப் பார்த்தேன்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தறிவுத் திட்டம், மேலிருந்து வந்தது, இத்தனை மாதத்தில் இத்தனை பேர் என்று இலக்கு வைத்தது. இது ராத்மனின் இரண்டாவது கட்டம். ஆனால் பாடம் நடந்தது திண்ணையிலும் மரத்தடியிலும். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத ஊர்ப் பிள்ளைகள். இது முதல் கட்டம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் வெளியே போய்வர முடியாமல் எழுத்து மட்டும் தெரிந்து என்ன பயன் என்று யோசித்து, சைக்கிளையும் இயக்கத்தில் சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். கிராமத்துப் பெண்கள் 70,000 பேருக்கு மேல் சைக்கிள் பேரணி, போட்டிகளில் கலந்துகொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். எங்க அத்தை அதில் ஒருத்தி. பாவாடை தாவணியோடு விழுந்து முட்டி தேய்ந்த தழும்பை இன்றைக்கும் காட்டுவாள்.

அதே வருடங்களில் இந்த மாவட்டத்தில் சில கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அதுவரை குத்தகைக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அது அடையாமல், தலைமுறையாகக் கல் உடைத்தவர்கள் கையில் குவாரி. இது மூன்றாவது கட்டம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 என்று நோட்டில் ஒரு வரி இருக்கிறது. கடன் தானாகவே ரத்தாகிவிடும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். அந்த வரியை நான் மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. எங்கள் பக்கம் "முன்பணம்" என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரே மாவட்டத்தில், ரெண்டு மூணு வருடத்துக்குள், மூன்று கட்டமும். இதற்குப் பிறகு ராத்மன் எனக்கு மறக்கவே இல்லை. (தேர்வுக்குப் படிக்கிற நண்பர்களுக்கு இதுதான் என் முதல் டிப்ஸ்: ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் உங்கள் ஊரில் ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள். கைடு தேவைப்படாது.)

தாத்தாவிடம் யாரும் கேட்காத கேள்வி

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மனசு இருந்தால் போதாதா?

எங்க தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் கல் உடைத்தவர். கடைசி சில வருடம் இருமலும் மூச்சிரைப்பும். நாலு ஆஸ்பத்திரி பார்த்தோம். எங்கும் யாரும் எங்களை விரட்டவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், டி.பி. என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு சுற்று முடித்தார், சரியாகவில்லை. மறுபடி ஒரு சுற்று. நல்ல மனசுக்காரர்கள்தான் எல்லோரும். ஆனால் "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு சின்ன டாக்டர் கேட்டார். அதற்குள் தாத்தாவால் நாலு எட்டு நடக்க முடியவில்லை.

சிலிக்கோசிஸ். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போவது. எக்ஸ்ரேயில் டி.பி. மாதிரியே தெரியக்கூடும். அந்த நோய் இருப்பவருக்கு டி.பி.யும் சுலபமாக வரும். குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் தூசியிலிருந்து தள்ளி வைத்திருக்கலாம். வேலையால் வந்த நோய் என்று எழுதி வாங்கி, நஷ்டஈடு கேட்டிருக்கலாம்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்பது யாருடைய வேலை? டாக்டருக்கு வாசலில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். மருத்துவ சமூகப்பணியாளர் என்று ஒருவர் அங்கே இருந்திருந்தால் அவருடைய வேலையே அதுதான். நோயாளியின் வீடு, தொழில், கடன், குடும்பம் எல்லாவற்றையும் விசாரித்து டாக்டருக்குச் சொல்வது. 1917இல் மேரி ரிச்மண்ட் தடித்த புத்தகம் போட்டுச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: விசாரி, முறையாக விசாரி, அனுமானத்தில் முடிவு கட்டாதே.

அதனால்தான் மனசு மட்டும் போதாது. கேட்கத் தெரிய வேண்டும். எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொண்டோமா என்று சோதிக்கவும் செய்யலாம். ஆகவே எனக்கு லைசென்ஸ் என்ற யோசனையோடு எந்தச் சண்டையும் இல்லை. இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

அது வரவும் கூடும். 2021இல் மத்திய அரசு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கு ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் மருத்துவ சமூகப்பணியாளர், மனநல சமூகப்பணியாளர் எல்லாம் இருக்கிறார்கள். பதிவேடு உண்டு, மாநில கவுன்சில் உண்டு, தகுதித் தேர்வு வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. சமூகப்பணி முழுவதற்கும் இல்லை, ஆஸ்பத்திரி பக்கம் மட்டும். ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

என் கவலையெல்லாம் அந்தத் தேர்வு எந்த மொழியில் வரும் என்பதுதான்.

ஏற்பதும் ஒப்புவதும்

நெட் தேர்வில் சமூகப்பணித் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஆங்கிலம் வராது என்று அழுவதாக நினைக்காதீங்க. படித்தால் வரும், வந்துகொண்டிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்.

பீஸ்டெக் என்ற பாதிரியார் 1957இல் ஏழு கோட்பாடுகள் சொன்னார். அதில் ஒன்று, வந்தவரை அவர் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது. ஏற்றுக்கொள்வது வேறு, அவர் செய்ததைச் சரி என்று ஒப்புக்கொள்வது வேறு என்பதுதான் அதில் நுணுக்கம். கூற்று, காரணம் என்று போட்டுக் குழப்புகிற கேள்விகளுக்குத் தோதான இடம். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது. தமிழில்? குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்து கிடக்கும் மகனுக்குச் சோறு போடுகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். "பெத்த புள்ள, தள்ள முடியுமா? அதுக்காக அவன் செய்யறது சரின்னு ஆயிருமா?" முடிந்தது பாடம்.

அதே மாதிரி, இரக்கத்துக்கும் அடுத்தவர் நிலையில் நின்று உணர்வதற்கும் உள்ள வித்தியாசம். "ஐயோ பாவம்" என்பது ஒன்று. "அவ எடத்துல நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்பது இன்னொன்று. எங்க அப்பாயி இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை.

நாளைக்கு நான் ஒரு குவாரியிலோ பி.எச்.சி.யிலோ உட்கார்ந்து பேசப்போவது தமிழில். அழுகிறவர் தமிழில் அழுவார். பொய் சொல்கிறவர் தமிழில் சொல்வார். சொல்லாமல் விட்டதை நான் தமிழில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு நான் தகுதியா என்று சோதிக்கிற தேர்வு மட்டும் ஏன் தமிழில் இருக்கக் கூடாது? நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். பார் தேர்வையும் தமிழில் எழுத வழி செய்தார்கள். ஊசி போடுகிறவருக்கும் வழக்கு நடத்துகிறவருக்கும் முடிந்தது, பேச்சையே கருவியாக வைத்து வேலை செய்கிறவருக்கு முடியாதா?

இது தமிழ்ப் பற்று மட்டும் இல்லை. தேர்வு தப்பான இடத்தில் வடிகட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. ஏ.எஸ்.டபிள்யூ.பி. 2022 ஆகஸ்டில் தன் தேர்ச்சிக் கணக்கை முதன்முறையாக இன வாரியாக வெளியிட்டது. 2018 முதல் 2021 வரை மனநல சிகிச்சைப் பக்கம் போகிறவர்களுக்கான தேர்வை முதல் தடவை எழுதியவர்களில் வெள்ளையர்கள் 100க்கு சுமார் 84 பேர் பாஸ். கறுப்பினத்தவர் 100க்கு சுமார் 45 பேர். எல்லோரும் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் படித்து வந்தவர்கள். அங்கே பெரிய விவாதமே நடந்தது. கறுப்பின மக்கள் மத்தியில் வேலை செய்ய யார் அதிகம் தேவையோ அவர்களையே தேர்வு வெளியே நிறுத்துகிறதே என்று.

நம் ஊரில் அந்தக் கணக்கை எடுத்தால், கல்லுடைக்கிற வீட்டிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்த பெண் எந்தப் பக்கம் இருப்பாள்? தாத்தாவிடம் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று முதலில் கேட்டிருக்கக் கூடியவள் அவள்தான். கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தரக்கூட வேண்டாம்.

சரி, என்னதான் செய்யலாம்?

பெரிய ஆள் மாதிரி யோசனை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சமூகப்பணிக்கு லைசென்ஸ் தேர்வு வந்தால் அந்தந்த மாநில மொழியிலும் வினாத்தாள் வேண்டும். மொழிபெயர்ப்பு என்ற பெயரில் யாருக்கும் புரியாத சொற்களைப் போட்டு நிரப்பாமல், களத்தில் பேசுகிற மொழியில்.

இரண்டு, கொள்குறி வினா மட்டும் போதாது. ஒரு ஆளை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்டு வொர்க் போகிறோமே, அதற்கு மதிப்பெண் இல்லாத தேர்வு என்ன தேர்வு?

மூன்று, பாடத்தில் நம் ஆட்களும் வேண்டும். ஜேன் ஆடம்ஸை நான் மறுக்கவில்லை. ஆனால் 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்து, அவ்வை இல்லத்தையும் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி பற்றி அந்த அக்காவின் நோட்டில் ஒரு வரி கூட இல்லை. நானே கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்வி வராவிட்டாலும் இருக்கட்டும்.

அதுவரைக்கும் இருக்கிற தேர்வைத்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன். செட் நண்பர்களுக்கு: முதல் தாளைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீங்க. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்க. சட்டங்களை வருடத்தோடு ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்க (எங்க அம்மாவுக்கு இப்போது போக்சோ 2012, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 எல்லாம் அத்துப்படி).

மற்ற நண்பர்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை, அல்லது ஒரு குழந்தைக்கு ஆபத்து, அல்லது ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறாள். அப்போது வந்து உட்கார்ந்து விசாரிக்கிற ஆளிடம் நீங்கள் என்ன தகுதியை எதிர்பார்ப்பீர்கள்? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. நான் படிக்க வேண்டியது அதுதானே.